கொரோனா முடக்கமும் வீட்டு வேலை செய்யும் பெண்களின் வருமானமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையிலும் அதைச் சுற்றியும் மூன்று, நான்கு வீடுகளில் பகுதி நேரமாக வேலை பார்க்கும் பெண்களை மனத்தில் வைத்து இந்தக் கேள்வி பதில்கள் எழுதப்பட்டுள்ளன. 2020, 2021 முடக்கங்களில் அவர்கள் கையை விட்டுப் போனது என்ன, அதில் எது இன்னும் திரும்பவில்லை, இப்போது என்ன செய்யலாம் என்பதே விஷயம். கூட்டல் கழித்தலுக்காக ஒரு மாதிரிக் குடும்பத்தை எடுத்துக்கொண்டிருக்கிறோம்: நான்கு வீடுகளில் மாதம் ₹9,000 சம்பளம், ₹4,500 வாடகை. உங்கள் தொகையைப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த வேலையில் எத்தனை பேர் இருக்கிறார்கள்?

இந்தியாவில் சுமார் 39 லட்சம் பேர் தனியார் வீடுகளில் கூலிக்கு வேலை பார்ப்பதாகவும், அவர்களில் 26 லட்சம் பேர் பெண்கள் என்றும் 2011-12 தேசிய மாதிரி ஆய்வு சொன்னது. களத்தில் இருப்பவர்கள் யாரும் இந்த எண்ணிக்கையை நம்புவதில்லை. கணக்கெடுப்பவர் கேட்டால் "வீட்ல சும்மாதான் இருக்கேன்" என்று சொல்லும் பெண்கள் ஏராளம். உலக அளவில் 7 கோடியே 56 லட்சம் பேர் என்றும், நான்கில் மூன்று பங்குக்கு மேல் பெண்கள் என்றும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2021இல் மதிப்பிட்டது. 2020 ஜூன் தொடக்கத்தில் அவர்களில் 5.5 கோடிப் பேருக்கு வேலையோ வேலை நேரமோ பறிபோகும் ஆபத்து இருந்தது என்பதும் அதே அமைப்பின் மதிப்பீடுதான்.

சென்னையில் வேலை எவ்வளவு காலம் நின்றது?

2020 மார்ச் 24 மாலை தமிழ்நாட்டில் 144 தடை வந்தது. அன்று நள்ளிரவு முதல் நாடு முழுவதும் முடக்கம். 21 நாள் என்று ஆரம்பித்தது மே 31 வரை நீண்டது. ஜூன் 19 முதல் சென்னையிலும் பக்கத்து மாவட்டங்களிலும் மறுபடி முழு முடக்கம். மாநகரப் பேருந்து செப்டம்பர் 1இல்தான் ஓடியது. அதற்குள் ஐந்து மாதச் சம்பளத் தேதி கடந்துவிட்டது. ஓரளவு எழுந்து நின்ற வேளையில், 2021 மே 10இல் இரண்டாம் அலை முடக்கம்.

அரசு தளர்வு கொடுத்த நாளும் வேலை கிடைத்த நாளும் ஒன்றல்ல. அரசு அனுமதித்த பிறகும் பல அடுக்குமாடிக் குடியிருப்புகளில் அசோசியேஷன் வாட்ஸ்அப் குழுவில் முடிவெடுத்து, வேலைக்காரப் பெண்களை கேட்டிலேயே நிறுத்தின. கொரியர் பையன் உள்ளே போவான், சாப்பாடு கொண்டுவருபவர் உள்ளே போவார், பாத்திரம் தேய்ப்பவர் மட்டும் போகக் கூடாது.

முடக்க காலத்துக்கும் சம்பளம் கொடுக்க வேண்டும் என்று மத்திய அரசு உத்தரவு போட்டதே. அது பொருந்தவில்லையா?

2020 மார்ச் 29 தேதியிட்ட உள்துறை உத்தரவைச் சொல்கிறீர்கள். தொழிற்சாலை, கடை, வணிக நிறுவனம் நடத்துபவர்கள் பிடித்தம் இல்லாமல் சம்பளம் தர வேண்டும் என்று அதில் இருந்தது. வீடு அந்தப் பட்டியலில் வரவில்லை. தொழிலாளர்களிடம் ஒரு மாத வாடகை கேட்கக் கூடாது என்றும் அதே உத்தரவில் உண்டு. ஆனால் வாடகை ரசீது இல்லாமல் ஒண்டிக் குடித்தனம் இருப்பவர் அதை யாரிடம் காட்டுவது? சம்பள உத்தரவே மே மாதம் பாதியில் விலக்கிக்கொள்ளப்பட்டது.

கம்பெனி ஊழியருக்கு வேறு இரண்டு கதவுகளும் திறந்திருந்தன: பி.எஃப். பணத்தில் முன்பணம், இ.எஸ்.ஐ. வழியாக வேலை இழப்பு உதவி. வீட்டு வேலைக்கு இரண்டுமே கிடையாது. ஆக, முடக்கத்தில் சம்பளம் வந்தது என்றால் அந்த வீட்டுக்காரரின் மனசால் வந்தது. முழுச் சம்பளம் போட்டுவிட்டவர்கள் உண்டு, முதல் மாதம் முழுசும் அடுத்த மாதம் பாதியும் கொடுத்தவர்கள் உண்டு, போனையே எடுக்காதவர்களும் உண்டு.

அரசு பணம் கொடுத்ததே, அது எவ்வளவு தாங்கியது?

2020இல் அரிசி அட்டைக்கு ஏப்ரலில் ₹1,000, விலையில்லா ரேஷன் பொருள்கள்; ஜூன் முடக்கத்தின்போது சென்னைப் பகுதிக்கு இன்னொரு ₹1,000. பெண்களின் ஜன்தன் கணக்கில் மாதம் ₹500 வீதம் மூன்று மாதம். எல்லாம் சேர்த்து ₹3,500. ஏப்ரல் முதல் ஜூன் வரை மாதிரிக் குடும்பத்தில் அந்தப் பெண் இழந்த சம்பளம் மட்டும் ₹27,000. அதே மூன்று மாத வாடகை ₹13,500. கணவர் பெயின்ட்டராகவோ ஆட்டோ ஓட்டுநராகவோ கொத்தனாராகவோ இருந்தால் அந்த வருமானமும் அதே நாளில் நின்றது. ஒருவர் சம்பாத்தியம் போனால் மற்றவர் சம்பாத்தியம் தாங்கும் என்ற வழக்கமான ஏற்பாடு இந்த முறை உதவவில்லை.

அரிசி வந்தது. அது பெரிய விஷயம்தான். பட்டினியைத் தடுத்தது அதுதான். ஆனால் வாடகையையும் கேஸையும் போன் ரீசார்ஜையும் அரிசியால் கட்ட முடியாது.

பணம் வராமல் போனதற்கும் காரணங்கள் உண்டு. ஜன்தன் திட்டத்தில் திறந்த கணக்குக்குத்தான் ₹500 வந்தது. சாதாரண சேமிப்புக் கணக்கு வைத்திருந்த ஏழைப் பெண்ணுக்கு வரவில்லை. கல்யாணமாகி அம்மா வீட்டு அட்டையில் பெயர் நீக்கி, மாமியார் வீட்டு அட்டையில் சேர்க்காமல் இருந்தவர்களுக்கும் ரேஷன் பணம் இல்லை. 2021இல் கொடுத்த ₹4,000 (மே, ஜூனில் இரண்டு தவணை), 14 வகை மளிகைப் பை இரண்டும் அரிசி அட்டைக்கே என்பதால், அட்டை இல்லாதவர் இரண்டு முறையும் வெளியே நின்றார்.

வேலை திரும்பக் கிடைத்த பிறகு பிரச்சினை தீர்ந்திருக்க வேண்டுமே?

பலரும் தப்பாகப் புரிந்துகொள்ளும் இடம் இதுதான். முடக்க மாதங்களில் போன சம்பளம் ஒரு முறை இழப்பு. திரும்பி வந்தபோது வேலையே வேறு மாதிரி மாறியிருந்ததுதான் நெடுநாள் இழப்பு.

நான்கு வீட்டில் இரண்டுதான் திரும்பக் கூப்பிட்டன. "பல வீட்டுக்குப் போகாதீங்க, எங்க வீட்டுக்கு மட்டும் வாங்க" என்று சொன்னவர்கள் நான்கு வீட்டுச் சம்பளத்தைத் தரவில்லை. ஐம்பது வயதைத் தாண்டியவர்களை, அவர்கள் உடம்புக்கு நல்லது என்ற பேச்சோடு, நிறுத்தினார்கள். சிலர் பாத்திரம் கழுவும் மெஷின் வாங்கிக்கொண்டார்கள். கடை, துணிக் கம்பெனி வேலையை இழந்த பெண்களும் வீட்டு வேலை தேடி வந்ததால் "இந்தச் சம்பளத்துக்கு வர ஆள் இருக்கு" என்று சொல்வது சுலபமாயிற்று. 2020 தீபாவளி போனஸ் பல வீடுகளில் வரவேயில்லை.

கண்ணில் படாத வெட்டு ஒன்று உண்டு. வீட்டில் எல்லோரும் நாள் முழுக்க இருந்ததால் பாத்திரம் கூடியது, துடைப்பது கூடியது, கிருமிநாசினி போட்டுக் கைப்பிடி துடைப்பது புதிதாக வந்தது. சம்பளம் அதேதான். இப்படிப் பாருங்கள்: ஒரு வீட்டில் பாத்திரம், பெருக்கித் துடைப்பது, தினம் 2 மணி நேரம், மாதம் 30 நாள், சம்பளம் ₹2,500. 60 மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்கு ₹41 சொச்சம். அதே சம்பளத்தில் துணியும் சேர்ந்து தினம் 45 நிமிடம் கூடினால் 82.5 மணி நேரம், மணிக்கு ₹30தான். சம்பளத்தில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை, கூலி கால் பங்குக்கு மேல் குறைந்துவிட்டது.

குறைந்தபட்சக் கூலி இதற்கு உண்டா?

உண்டு. தமிழ்நாடு அரசு 2018இல் வீட்டு வேலைக்கு மணிக்கு ₹37 முதல் ₹39 வரை, வேலையின் தன்மையைப் பொறுத்து, நிர்ணயித்தது. மேலே சொன்ன கணக்கில் 82.5 மணி நேரத்துக்கு ₹37 வீதம் ₹3,052 வர வேண்டும். அவருக்குக் கிடைத்தது ₹2,500. இது 2018 தொகை. இன்றைய தொகை என்ன என்று மாவட்டத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு பேசுங்கள். சென்னையின் பல பகுதிகளில் நடப்புக் கூலி இதைவிட அதிகம் என்பதால், "சட்டப்படி இவ்வளவுதான்" என்று இதையே உச்சமாக்கிப் பேசும் வீட்டுக்காரரும் உண்டு. குறைந்தபட்சம் என்றால் அதற்குக் கீழே போகக் கூடாது, அவ்வளவுதான். மேலே போகத் தடையில்லை.

சம்பள உயர்வை எப்படிக் கேட்பது?

மொத்தத் தொகையைச் சொல்லிக் கேட்டால் பேச்சு "விலைவாசி எல்லாருக்கும்தான்" என்பதில் முடியும். வேலையைப் பிரித்துச் சொல்லுங்கள்: பாத்திரம் ஒரு வேளையா இரண்டு வேளையா, எத்தனை அறை துடைப்பது, துணி மெஷினில் போட்டுக் காய வைப்பதா கையால் துவைப்பதா, வீட்டில் எத்தனை பேர். புதிதாகச் சேர்ந்த வேலை எது என்று காட்டி, அதற்கு மட்டும் தொகை கேட்பது பலிக்கிறது. ஒரே குடியிருப்பில் வேலை பார்ப்பவர்கள் முன்கூட்டியே பேசி ஒரே தொகையைச் சொன்னால் இன்னும் நல்லது. தனித்தனியாகப் போனால் ஒருவரைக் காட்டி ஒருவரைக் குறைப்பார்கள்.

பேருந்து நின்றதை ஏன் இவ்வளவு பெரிதாகச் சொல்கிறீர்கள்?

ஏனென்றால் வீட்டு வேலை செய்யும் பெண்களில் பலர் நகரத்தின் நடுவிலிருந்து கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று வெளியே குடியமர்த்தப்பட்டவர்கள். வேலை வீடுகள் அடையாறிலும் மயிலாப்பூரிலும்தான் இருக்கின்றன. பேருந்து இல்லாமல் ஷேர் ஆட்டோவில் போனால் ஒரு வீட்டுச் சம்பளம் போக்குவரத்துக்கே போய்விடும். அதனால் கூப்பிட்ட வீட்டுக்குக்கூடப் போக முடியாமல் வேலையை விட்டவர்கள் உண்டு. புறநகர் ரயிலில் அத்தியாவசியப் பணியில் இல்லாத பெண்கள் ஏற 2020 நவம்பர் கடைசி வரை காத்திருக்க வேண்டியிருந்தது, அதுவும் நெரிசல் இல்லாத நேரத்தில் மட்டும். காலை ஏழு மணிக்குப் பாத்திரம் தேய்க்க வேண்டியவருக்கு அந்த நேரம் உதவாது.

சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் 2021 மே 8இல் வந்தது. இரண்டே நாளில் முடக்கத்தால் பேருந்தே நின்றது. பேருந்து மறுபடி ஓடத் தொடங்கியதும், இந்தப் பெண்களுக்கு மாதாமாதம் மிச்சமாகிற பணம் என்ற வகையில் அது மற்றப் பல உதவிகளைவிட அதிகம் பயன்பட்டது.

கடன் எப்படி ஏறியது?

படிப்படியாக. முதலில் கட்டிக்கொண்டிருந்த தீபாவளிச் சீட்டும் நகைச் சீட்டும் நின்றன. பிறகு வீட்டு அட்வான்ஸில் வாடகையைக் கழித்தார்கள். பிறகு நகை அடகுக்குப் போனது. நகையும் தீர்ந்தபின் தண்டல், அதாவது தினமும் வசூலிக்கும் கடன்.

தண்டலின் கணக்கைப் பலர் போட்டுப் பார்ப்பதில்லை. ₹10,000 கடன் என்றால் ₹1,500 பிடித்துக்கொண்டு ₹8,500 கையில் தருவார்கள். தினம் ₹100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். "நூறு நாளைக்கு ஆயிரத்து ஐந்நூறுதானே" என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசலைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டு வருகிறீர்கள்; 8,500 முழுசும் உங்கள் கையில் 100 நாள் இருப்பதில்லை. சரியாகக் கணக்கிட்டால் இது மாதம் கிட்டத்தட்ட நூற்றுக்குப் பத்து வட்டி.

ஐந்து வட்டிக் கடன் வேறு மாதிரிக் கொல்லும். ₹20,000க்கு மாதம் ₹1,000 வட்டி. ஒரு வருடத்தில் ₹12,000 கட்டிய பிறகும் அசல் ₹20,000 அப்படியே நிற்கும்.

குழுக் கடனுக்கு ஆறு மாதத் தவணை விலக்கு இருந்ததே?

நுண்கடன் நிறுவனங்கள் பெண்களைக் குழுவாகச் சேர்த்துக் கொடுக்கும் கடனைச் சொல்கிறீர்கள். 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை தவணையைத் தள்ளிப்போட ரிசர்வ் வங்கி அனுமதித்தது. தள்ளிப்போட்டதே தவிரத் தள்ளுபடி இல்லை. ₹30,000 பாக்கி, ஆண்டுக்கு 24 சதவீத வட்டி என்றால் மாதம் ₹600. ஆறு மாதத்தில் தனி வட்டியே ₹3,600, வட்டிக்கு வட்டி சேர்த்தால் சுமார் ₹3,785. பிறகு மத்திய அரசு திருப்பித் தந்தது இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான்: சுமார் ₹185.

விலக்கு கொடுப்பதும் கொடுக்காததும் கடன் கொடுத்த நிறுவனத்தின் விருப்பம் என்பதால், அது இருப்பதே பல பெண்களுக்குச் சொல்லப்படவில்லை. குழுவில் ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்கள் சேர்ந்து கட்ட வேண்டும் என்ற ஏற்பாட்டால், நெருக்கடி லோன்காரரிடமிருந்து வருவதற்கு முன் பக்கத்து வீட்டிலிருந்து வந்தது. அந்த மனஸ்தாபங்கள் சில தெருக்களில் இன்னும் தீரவில்லை.

வசூலுக்கு வருபவர் எந்த நேரமும் வந்து நிற்கலாமா?

கூடாது. 2022 ஏப்ரல் முதல் நடப்பில் இருக்கும் ரிசர்வ் வங்கியின் நுண்கடன் விதிப்படி காலை 9க்கு முன்பும் மாலை 6க்குப் பின்பும் கூப்பிடக் கூடாது. திட்டுவது, மிரட்டுவது, உறவினரையும் உடன் வேலை செய்பவரையும் தொல்லை செய்வது எல்லாம் தடை. பேசி முடிவு செய்த பொது இடத்தில்தான் வசூல். தொடர்ந்து இரண்டு முறையோ அதற்கு மேலோ நீங்கள் அங்கே வராவிட்டால் வீட்டுக்கு வரலாம். அதனால் கையில் பணம் இல்லாவிட்டாலும் வசூல் நடக்கும் அந்த இடத்துக்குப் போய் "இந்த மாதம் இவ்வளவுதான்" என்று சொல்லிக் கடன் அட்டையில் எழுதி வாங்குவது நல்லது. ஒளிந்துகொண்டால் அவர்கள் வாசலுக்கு வர நீங்களே வழி கொடுத்ததாகும்.

புகாரை முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லை என்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளர். உதவி எண் 14448. தண்டல், மீட்டர் வட்டி, கந்துவட்டிக்கு 2003ஆம் ஆண்டின் தமிழ்நாடு கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. புகார் காவல் நிலையத்தில்.

பல கடன் இருக்கிறது. எதை முதலில் அடைப்பது?

ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதுங்கள்: யாரிடம், மீதி அசல் எவ்வளவு, மாத வட்டி எத்தனை ரூபாய், அடமானம் என்ன, கெடு எப்போது. கெடு நெருங்கிய நகை இருந்தால் முதலில் வட்டியையாவது கட்டி மறு அடகு வைத்து ஏலத்தைத் தடுங்கள். மூழ்கிப்போன நகையை மறுபடி வாங்குவது நடக்காத காரியம். 2020 ஆகஸ்டிலேயே பவுன் ₹43,000ஐத் தாண்டியது, பிறகு எங்கே போனது என்று எல்லோருக்கும் தெரியும். அடுத்தது தண்டல், அதற்கடுத்தது ஐந்து வட்டி, பத்து வட்டி. குழுக் கடன் வட்டி குறைவு என்பதால் தவணையை மட்டும் தவறாமல் கட்டிக்கொண்டு கடைசியில் முடிக்கலாம்.

குழுக் கடன் வாங்கித் தண்டலை அடைப்பது தப்பு என்று பொதுவாகச் சொல்கிறார்கள். கணக்குப்படி அது சரியான காரியம். கெட்டுப்போவது, அடைத்த தண்டலையே இரண்டு மாதத்தில் திரும்ப வாங்கும்போதுதான். அடைத்ததும் புரோநோட்டைக் கையில் வாங்கிக் கிழித்துவிடுங்கள். எழுதாத பத்திரத்திலும் தொகை போடாத காசோலையிலும் கையெழுத்து வேண்டாம்.

அரசு நகைக் கடனைத் தள்ளுபடி செய்ததே?

கூட்டுறவு நிறுவனங்களில் 5 பவுனுக்கு உட்பட்டு வைத்த நகைக் கடன், 2021 மார்ச் 31 வரை நிலுவையில் இருந்தது, நிபந்தனைகளோடு தள்ளுபடியானது. அவசரத்துக்குத் தெருமுனை அடகுக் கடையில் வைத்தவருக்கு எதுவும் இல்லை. வீட்டு வேலை செய்யும் பெண்களில் அதிகம் பேர் அந்த இரண்டாவது வகை. இனி அடகு வைக்க நேர்ந்தால், ஒரு நாள் அலைச்சலானாலும் கூட்டுறவு வங்கியைப் பாருங்கள், வட்டியும் குறைவு.

நல வாரியத்தில் பதிய என்ன வேண்டும்?

தமிழ்நாடு வீட்டுப் பணியாளர் நல வாரியம் 2007 முதல் இருக்கிறது. 18 முதல் 60 வயது வரை பதியலாம், கட்டணம் இல்லை. ஆதார், குடும்ப அட்டை, வயதுச் சான்று, வங்கிப் புத்தகம், புகைப்படம், வீட்டு வேலை செய்கிறார் என்பதற்கான பணிச் சான்று தேவை. அமைப்புசாராத் தொழிலாளர் நல வாரிய இணையதளத்தில் நீங்களே செய்யலாம். இ-சேவை மையம், வீட்டுப் பணியாளர் சங்கம் வழியாகவும் செய்யலாம். மகப்பேறு, பிள்ளைகள் படிப்பு, திருமணம், விபத்து, 60க்குப் பின் ஓய்வூதியம் ஆகிய உதவிகள் இதன் வழியாக வரும்.

விண்ணப்பம் தடுமாறும் இடங்கள் வழக்கமானவை. ஆதாரில் "லட்சுமி", வங்கியில் "இலட்சுமி" என்று பெயர் வேறுபடும். ஆதாரில் இணைத்த பழைய போன் எண் கையில் இருக்காது. ஓடிபி யாருக்கோ போகும். வங்கிகள் இணைந்த பிறகு பழைய சிண்டிகேட், அலகாபாத், ஆந்திரா வங்கிப் புத்தகத்தில் இருக்கும் ஐஎஃப்எஸ்சி எண் செல்லாது. இரண்டு வருடம் பணம் போட்டு எடுக்காத கணக்கு செயலற்றதாகிவிடும். இவற்றை முதலில் சரிசெய்துவிட்டு விண்ணப்பியுங்கள். பதிவை 5 ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்கவும் வேண்டும். காலாவதியான அட்டையைப் பத்திரமாகப் பீரோவில் வைத்திருப்பவர்கள் பலர். 2020இல் வாரியம் வழியாக நிவாரணம் என்ற பேச்சு வந்தபோதுதான் அது காலாவதியானதே தெரிந்தது.

பணிச் சான்றில் கையெழுத்துப் போட வீட்டுக்காரர்கள் தயங்குவார்கள், ஏதோ கேஸ் வரும் என்று. அதனால் அவர்கள் மேல் எந்தப் பணப் பொறுப்பும் வராது என்று சொல்லிக் கேளுங்கள்.

இ-ஷ்ரம் அட்டை இருக்கிறது. அது போதாதா?

போதாது. அது 2021 ஆகஸ்டில் மத்திய அரசு தொடங்கிய பதிவேடு. 12 இலக்க எண் தரும், அதற்கான உதவி எண் 14434. மாநில வாரிய உதவிகள் அதன் வழியாக வராது. இரண்டிலும் பதியுங்கள்.

வீட்டோடு தங்கி வேலை செய்பவர்கள் தப்பித்தார்களா?

சாப்பாடும் கூரையும் இருந்தன. ஆனால் விடுப்பு இல்லை, ஊருக்குப் போக முடியாது, வீட்டில் எல்லோரும் இருப்பதால் காலை ஐந்து முதல் இரவு பதினொன்று வரை வேலை. சம்பளத்தை "மொத்தமா ஊருக்குப் போகும்போது தர்றேன்" என்று வைத்துக்கொண்ட வீடுகளில் பிறகு கணக்குத் தகராறு வந்தது. மாதாமாதம் வங்கிக் கணக்கில் வாங்குவது ஒன்றுதான் இதற்கு மருந்து.

பிள்ளைகள் படிப்பில் என்ன ஆயிற்று?

ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை 2021 நவம்பர் 1இல்தான் திறந்தார்கள். ஆன்லைன் வகுப்புக்குத் தவணையில் வாங்கிய போன், புதிதாக வந்த கடன்களில் ஒன்று. பெரிய பெண்ணைத் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளவோ வேலை வீட்டுக்குக் கூட்டிப்போகவோ வைத்த குடும்பங்களில், பள்ளி திறந்தபோது அந்தப் பெண்ணைத் திரும்ப அனுப்புவது கடினமாக இருந்தது.

வீட்டுக்காரர்கள் கேட்பது: மறுபடி இப்படி வந்தால் நாங்கள் என்ன செய்வது?

வேலைக்கு வர வேண்டாம் என்று நீங்கள் சொன்ன நாள்களுக்குச் சம்பளம் உண்டு என்பதை இப்போதே பேசி வையுங்கள். முழுசும் முடியாதென்றால் பாதி என்று தெளிவாகச் சொல்லுங்கள். "பாத்துக்கலாம்" என்ற பேச்சை நம்பித்தான் பலர் கடன் வாங்கினார்கள். முன்பணம் கொடுத்தால் மாதம் எவ்வளவு கழிப்பீர்கள் என்று எழுதுங்கள். சம்பளத்தில் கால் பங்குக்கு மேல் கழித்தால் அவர் வெளியே கடன் வாங்கித்தான் சாப்பிடுவார். பரிசோதனையோ தடுப்பூசிச் சான்றோ கேட்டால் அதற்கு ஆகும் செலவும் அன்றைய கூலியும் கேட்டவருடையது.

வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள், பாக்கிச் சம்பளம் தரவில்லை. எழுத்தில் எதுவும் இல்லை. என்ன செய்யலாம்?

எழுத்தில் ஒன்றும் இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம். ஜிபே, வங்கி வரவு, "நாளைக்கு வாங்க" என்ற வாட்ஸ்அப் குரல் செய்தி, குடியிருப்பின் கேட் பதிவேடு, நுழைவு அட்டை எல்லாம் சாட்சியம்தான். இவற்றை அழிக்காமல் வையுங்கள். இனிமேல் ஒரு நோட்டில் வீடு வாரியாகச் சேர்ந்த தேதி, பேசிய சம்பளம், என்னென்ன வேலை, வாங்கிய முன்பணம், விடுப்பு நாள் எழுதி வாருங்கள். எழுத வராவிட்டால் பிள்ளையை எழுதச் சொல்லுங்கள்.

பாக்கியை முதலில் தேதி போட்டு வாட்ஸ்அப்பில் கேளுங்கள். பதில் இல்லை என்றால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு; மனுவின் நகலில் முத்திரையோடு தேதி வாங்கிக்கொள்ளுங்கள். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவசமாக வழக்கறிஞர் கிடைப்பார், எண் 15100. சம்பளம் கேட்டதும் திருட்டுப் புகார் கொடுப்பேன் என்று மிரட்டினால் தனியாக அந்த வீட்டுக்குப் போக வேண்டாம். சங்கத்திலிருந்தோ சட்டப்பணிகள் ஆணைக்குழுவிலிருந்தோ ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.